பத்து ஐம்பத்திரண்டுக்குத் திறந்த வால்வு

அடி அண்ணாமலை
17.12.2025

ஷோயப் அண்ணனுக்கு,

நலம் விசாரித்துவிட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். புனேயில் ஏசி ரூமில் உட்கார்ந்து என்னைப் பற்றி நாலு பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போடுகிற அளவுக்கு நலம். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பதினொரு முறை ஃபோன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பினால் நீல டிக் மட்டும் வருகிறது. அதனால்தான் ஸ்பீடு போஸ்ட். தபால்காரர் உங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார், வரவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது.

என்னை எட்டாம் தேதியே சஸ்பெண்டு செய்துவிட்டார்கள். உங்கள் ரிப்போர்ட்டின் நகலை நேற்று முன்தினம் கையில் கொடுத்தார்கள். அதில் மூன்றாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "ஆபரேட்டர் செல்வி எழிலரசி அனுமதியின்றி மின் இணைப்பைத் துண்டித்ததால் காற்றூட்டம் நின்று, நுண்ணுயிர்கள் மடிந்து, நச்சு நீர் ஏரியில் கலந்தது." கீழே உங்கள் கையெழுத்து. ஜனவரி 28 அன்று விசாரணை. அந்த ஒரு வரி நின்றுவிட்டால் எனக்கு வேலை போகும், அதோடு போலீஸ் கேஸும் வரும் என்று மேனேஜர் ராஜமாணிக்கம் சாரே சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 6 அன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கடிதத்தை ஒரு நாள் விசாரணை அதிகாரி படிக்கலாம், அவருக்குப் புரிய வேண்டும்.

சாயப் பட்டறைகளின் கழிவு நீர் டேங்கர் லாரியில் நம் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகிறது. அதில் பீனால் இருக்கிறது, விஷம். அதைத் தின்று தீர்ப்பதற்குத் தொட்டி நிறையக் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். நாங்கள் பூச்சி என்போம். பூச்சிக்கு மூச்சு வேண்டும், அதற்கு ப்ளோயர் காற்று ஊதுகிறது. பூச்சி தின்று முடித்த தண்ணீரை மெம்பரேன் என்கிற சவ்வு வடிகட்டி வெளியே விடும், அது கால்வாய் வழியாக ஏரிக்குப் போகும். எவ்வளவு காற்று, எவ்வளவு கழிவு என்பதையெல்லாம் முடிவு செய்வது நீங்கள் எழுதிய ப்ரோக்ராம்.

டிசம்பர் 3 கார்த்திகை தீபம். கூட்டத்துக்காக நாலு நாள் டவுனுக்குள் லாரியே விடவில்லை. ஆறாம் தேதி சனிக்கிழமை காலை ஆறு மணிக்குள் ஒன்பது டேங்கர் ஒன்றாக வந்து நின்றன. சேகரிப்புத் தொட்டி நிறைந்துவிட்டது என்று உங்கள் ப்ரோக்ராம் அத்தனையையும் வேகமாகப் பூச்சித் தொட்டிக்குள் தள்ளியது. ஏழு இருபதுக்கே தொட்டியில் ஆக்சிஜன் ஏற ஆரம்பித்ததை ஸ்கிரீனில் ஓடும் கோட்டில் பிறகு பார்த்தேன். ஏன் ஏறியது? மூச்சு விட்டுக்கொண்டிருந்த பூச்சிகள் சாக ஆரம்பித்தன, ஆக்சிஜனைத் தின்ன ஆள் குறைந்தது. உங்கள் ப்ரோக்ராமோ ஆக்சிஜன் நிறைய இருக்கிறதே, கரண்ட் எதற்கு வீண் என்று ப்ளோயரைக் குறைத்தது. பிழைத்திருந்த பூச்சிக்கும் மூச்சு முட்டியது. ஸ்கிரீனில் எல்லாம் பச்சை. ஒரு அலாரம் கூட அடிக்கவில்லை.

ஒன்பது மணிக்கு டியூட்டிக்கு வந்ததுமே எனக்கு வாடை மாறியது தெரிந்தது. வெள்ளை நுரை எழும்பியது. மேனுவலுக்கு மாற்றப் போனேன். பாஸ்வேர்டு கேட்டது. மூன்று வருடமாகக் கேட்காதது அன்றைக்குக் கேட்டது. செத்த பூச்சி கூழாகி மெம்பரேனை அடைத்தது, தண்ணீர் இறங்கவில்லை, தொட்டி ஏறியது. மெம்பரேன் கிழியக் கூடாது என்று உங்கள் ப்ரோக்ராம் பத்து ஐம்பத்திரண்டுக்கு அவசர வால்வைத் திறந்துவிட்டது. விஷம் அப்படியே கால்வாயில் போனது.

பதினொன்று நாற்பதுக்கு நான் மெயினைப் பிடுங்கினேன். கரண்ட் போனால் ஸ்பிரிங் அந்த வால்வை மூடிவிடும் என்று எனக்குத் தெரியும். நான் பிடுங்கியதால்தான் வால்வு மூடியது. உங்கள் ரிப்போர்ட்டில் அது தலைகீழாக இருக்கிறது.

நிலையத்தில் மணிக்கு ஒரு முறைதான் அளவு பதிவாகிறது. பத்து மணிக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று. அதை வைத்து யாரும் என்ன கதையும் சொல்லலாம். நிமிடத்துக்கு நிமிடம் பதிவானது உங்கள் சர்வரில் இருக்கிறது. அதை விசாரணைக்குக் கொடுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

எழிலரசி


புனே
26.12.2025

செல்வி எழிலரசி அவர்களுக்கு,

தங்கள் 17.12.2025 தேதியிட்ட கடிதம் கிடைத்தது.

விசாரணை நிலுவையில் இருப்பதால் இது குறித்துத் தனிப்பட்ட முறையில் கருத்துத் தெரிவிக்க இயலாத நிலையில் உள்ளேன். சர்வரில் உள்ள பதிவுகள் நிறுவனத்தின் உடைமை, அவற்றைத் தனிநபர் கோரிக்கையின் பேரில் வெளியிட முடியாது. எனது அறிக்கை நிலையத்திலிருந்து எனக்கு அனுப்பப்பட்ட மணிவாரிப் பதிவுகளின் அடிப்படையில் தயாரிக்கப்பட்டது. மின் இணைப்பைத் தாங்கள் துண்டித்ததைத் தாங்களே மறுக்கவில்லை.

மேனுவல் இயக்கத்துக்கான கடவுச்சொல் நிலைய நிர்வாகத்தின் கோரிக்கையின் பேரில் நவம்பர் 29 அன்று நிறுவப்பட்டது. அதை ஊழியர்களுக்குத் தெரிவிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

அன்று காலை நமக்குள் நடந்த தொலைபேசி உரையாடல் தனிப்பட்டது. அதை இதில் இழுக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஷோயப்

(பேனாவில்) எழில், எங்கள் அம்மாவிடம் இதைப் பற்றி எதுவும் பேசாதே. அவர்களுக்குப் பிரஷர் ஜாஸ்தி.


அடி அண்ணாமலை
2.1.2026

திரு. ஷோயப் அவர்களுக்கு,

நீங்கள் 'அவர்கள்' போட்டுவிட்டீர்கள், நானும் போட்டுவிட்டேன். பக்ரீதுக்குப் பக்ரீது உங்கள் வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவளுக்குத் 'தங்கள்' என்று எழுதுவதற்கு டைப் அடிக்கும் விரல் கூசவில்லையா?

தனிப்பட்ட உரையாடலா? நான் என்ன உங்களிடம் கல்யாணச் சேலைக்கு யோசனையா கேட்டேன்? பத்து ஐம்பத்தெட்டுக்கு உங்களைக் கூப்பிட்டேன். நாலு நிமிடம் பேசினோம். என் ஃபோனில் அந்த நாலு நிமிடம் பதிவாகி அப்படியே இருக்கிறது. "அண்ணா, வால்வு தொறந்துக்குச்சு, தண்ணி ஏரிக்குப் போவுது, பாஸ்வேர்டு சொல்லுங்க" என்றேன். நீங்கள் சொன்னது இது:

"எழில், நீ ஒண்ணும் தொடாத. சிஸ்டம் பாத்துக்கும். பயந்துக்கினு எதையாச்சும் அமுக்கி வெச்சன்னா ஜாஸ்தியாயிடும். நான் மீட்டிங்ல இருக்கேன், முடிச்சிட்டுக் கூப்புடுறேன்."

கூப்பிடவே இல்லை. ஒன்பது நாள் கழித்து ரிப்போர்ட்தான் வந்தது.

அந்த மீட்டிங் என்னவென்று எனக்குப் பிறகு தெரிந்தது. நம் நிலையத்தைக் காட்டி, மூன்று வருடமாக மனிதக் கை படாமல் ஓடுகிறது என்று சொல்லி, இன்னும் ஆறு நிலையத்துக்கு உங்கள் ப்ரோக்ராமை விற்றுக்கொண்டிருந்தீர்கள். அதற்கு இடைஞ்சலாக யாரும் மேனுவலைத் தொடக் கூடாது என்றுதானே பூட்டினீர்கள்? நிர்வாகம் கேட்டதாம், நீங்கள் பூட்டினீர்களாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? சொல்லியிருந்தால் ஒன்பது டேங்கரையும் கேட்டிலேயே நிறுத்தி வைத்திருப்பேன்.

இங்கே என்ன நடக்கிறது என்று தெரியுமா? ஏரிக்கரையில் கன்னியம்மாள் பெரியம்மா வாத்து வளர்ப்பது உங்களுக்கும் தெரியும், நிலையத்தைக் கட்டும்போது நாம் எல்லோரும் அவர் வீட்டு முட்டையைத்தான் தின்றோம். அறுபத்திரண்டு வாத்து. சனிக்கிழமை மாலைக்குள் எல்லாம் கரை ஒதுங்கிவிட்டன. மறுநாள் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அழவில்லை. "மிஷின பாத்துக்குறவ நீதான? இன்னா பாத்த?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா என்னை உள்ளே இழுத்துக்கொண்டார். தெருவில் போனால் எல்லோரும் பேச்சை நிறுத்துகிறார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த பொம்பளை எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள்.

உங்கள் அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன், உங்களுக்காக அல்ல. போன வெள்ளிக்கிழமை மார்க்கெட்டில் பார்த்தார்கள். "ஏம்மா இளைச்சுட்ட, வூட்டுப் பக்கமே வரதில்ல" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். வேலை ஜாஸ்தி அம்மா என்று பொய் சொன்னேன். உங்களால் ஒரு நல்ல மனுஷியிடம் பொய் சொல்ல வேண்டியதாயிற்று, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் உடைமை என்றீர்களே, ஏரி யாருடைய உடைமை?

எழிலரசி


புனே
9.1.2026

எழில்,

இதைக் கையால் எழுதுகிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் எழுத முடியாது.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு வந்த கோபத்தில் அதைக் கிழித்துப் போட்டிருப்பேன். அம்மாவைப் பற்றி எழுதியிருந்த இடத்தால் கிழிக்கவில்லை. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு மூன்று வருடப் பதிவையும் நிமிடம் நிமிடமாகப் பார்த்தேன். டிசம்பர் ஆறைப் பொறுத்தவரை நீ சொன்ன வரிசைதான் சரி. ஏழு இருபது, பத்து ஐம்பத்திரண்டு, பதினொன்று நாற்பது. ஆக்சிஜன் ஏறினால் பூச்சி சாகலாம் என்ற யோசனையே என் ப்ரோக்ராமில் இல்லை. ஏறினால் காற்றைக் குறை என்று ஒரே ஒரு பாதைதான் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனால் நீ எனக்குச் செய்ததையும் கேள்.

பதிவில் ஓட்டைகள் இருக்கின்றன. மேனுவலில் ஓடிய நேரங்கள். ப்ரோக்ராமின் திறமையைக் கணக்குப் போட்டபோது அவற்றையெல்லாம் பராமரிப்பு வேலை என்று நினைத்துத் தள்ளிவிட்டேன், அது என் தப்பு. இப்போது அவற்றைத் தேதிப்படி அடுக்கினேன். முப்பத்தாறு ஓட்டை. இருபத்தொன்பது, முப்பது நாளைக்கு ஒன்று. திருவண்ணாமலையில் பிறந்தவனுக்கு அது என்ன நாள் என்று சொல்ல வேண்டியதில்லை, காலண்டரைப் பார்த்துச் சரிபார்த்தும்விட்டேன். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அடுத்த இரண்டு நாள் என் ப்ரோக்ராம் ஓடவே இல்லை. நீ ஓட்டியிருக்கிறாய்.

லாக் புக்கின் ஸ்கேன் என்னிடம் இருக்கிறது. அந்த முப்பத்தாறு தடவையும் 'நார்மல்' என்று எழுதி உன் கையெழுத்து.

மூன்று வருடம் என்னை முட்டாளாக்கியிருக்கிறாய். நன்றாக ஓடுகிறது என்று நான் உலகம் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாசத்தில் இரண்டு நாள் அது செத்துவிடும், உன் கையால்தான் பிழைக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் அதைச் சரிசெய்திருப்பேன். பூட்டியிருக்கவே மாட்டேன். நான் மறைத்தேன் என்கிறாயே, நீ மறைத்ததற்கு என்ன பெயர்?

இன்னொன்றும் இருக்கிறது. வால்வு திறந்தது பத்து ஐம்பத்திரண்டு. நீ பிடுங்கியது பதினொன்று நாற்பது. மெயினைப் பிடுங்கினால் வால்வு மூடும் என்று உனக்குத் தெரியும் என்கிறாய். அப்படியானால் நாற்பத்தெட்டு நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தாய்? விசாரணையில் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஷோயப்


அடி அண்ணாமலை
15.1.2026

ஷோயப் அவர்களுக்கு,

பொங்கல் அன்று எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இந்த வருடம் பொங்கல் பொங்கியது, யாரும் வாயைத் திறந்து கூவவில்லை.

திருவண்ணாமலைக்காரர் எழுதிய ப்ரோக்ராமில் பௌர்ணமி இல்லை. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். ஊரே மாசம் ஒரு முறை தலைகீழாகிறது, பஸ் ரூட் மாறுகிறது, லாட்ஜில் இடம் கிடையாது, லாரி ஊருக்கு வெளியே வரிசை கட்டி நிற்கிறது. சின்ன வயதிலிருந்து அந்தக் கூட்டத்துக்குள் சைக்கிள் ஓட்டிய மனுஷன், கழிவு நீர் தினமும் ஒரே அளவில் வரும் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அதைச் சொல்ல நான் வேறு வேண்டுமா?

சரி, என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். டேங்கர் வராத இரண்டு நாளும் பூச்சி பட்டினி. பட்டினியில் கிடந்த பூச்சிக்கு மூன்றாம் நாள் விஷத்தை மொத்தமாகக் கொட்டினால் தாங்காது. முதல் வருடம் கார்த்திகைப் பௌர்ணமியில் பாதி தொட்டி செத்து, பத்து நாள் கண் விழித்து மீட்டேன். அதற்குப் பிறகு பட்டினி நாளில் வெல்லம் கரைத்து ஊற்றினேன். பௌர்ணமி முடிந்து டேங்கர் வந்ததும் மேனுவலுக்கு மாற்றி, கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு நாளுக்குப் பிரித்துவிட்டேன். ப்ளோயரை முழு வேகத்தில் வைத்தேன். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. மூக்கை வைத்துச் செய்தேன்.

ஏன் லாக் புக்கில் எழுதவில்லை? முதல் தடவை எழுதினேன். மேனுவல் என்ற வார்த்தையைப் பார்த்ததும் ராஜமாணிக்கம் சார் புதுப் பக்கத்தில் நார்மல் என்று மாற்றி எழுத வைத்து, மெமோவும் கொடுத்தார். "ஆட்டோமேட்டிக் பிளான்ட்டுன்னு போர்டு வெச்சிருக்கோம், நீ இன்னாத்துக்கு கை வெக்கிற?" என்றார். இரண்டாவது மெமோ வந்தால் இன்க்ரிமென்ட் நிற்கும், மூன்றாவதுக்கு வேலையே நிற்கும். அவர் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போய்விட்டுக் கால் வலி என்று இரண்டு நாள் வர மாட்டார். அந்த இரண்டு நாளும் எனக்குப் போதும். பூச்சியும் பிழைத்தது, வேலையும் பிழைத்தது. நார்மல் என்று எழுதினேன்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை? உண்மையைச் சொல்கிறேன். முதலில் பயம். பிறகு பெருமை. இன்ஜினியரிங் படித்தவர் எழுதிய ப்ரோக்ராமால் முடியாததை பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த நான் செய்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு திமிர். உங்களுக்குப் பாராட்டு வந்தபோதெல்லாம் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அதை எழுதவே எனக்குக் கேவலமாக இருக்கிறது. அந்தத் திமிருக்கு அறுபத்திரண்டு வாத்து.

நாற்பத்தெட்டு நிமிடம் என்ன செய்தாய் என்று கேட்டீர்கள். கேட்க உங்களுக்கு எப்படி வாய் வந்தது? முதல் பத்து நிமிடம் பேனலில் ஓடினேன், உங்களுக்கு ஃபோன் போட்டேன். மீதி முப்பத்தெட்டு நிமிடம் நீங்கள் சொன்னதைச் செய்தேன். தொடாதே என்றீர்கள், தொடவில்லை. மீட்டிங் முடித்துக் கூப்பிடுகிறேன் என்றீர்கள், ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு கால்வாயைப் பார்த்து நின்றேன். தண்ணீர் கருநீலமாகப் போனது. என் மூக்கு சொன்னதை விட்டுவிட்டு உங்கள் வார்த்தையை நம்பினேன். மூன்று வருடத்தில் அந்த ஒரு நாள்தான் நான் ப்ரோக்ராமை நம்பிய நாள்.

இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்? பதிமூன்று நாள் இருக்கிறது.

எழிலரசி


புனே
21.1.2026

எழில்,

இன்று காலை விசாரணை அதிகாரிக்கு நிமிடவாரிப் பதிவையும் என் வாக்குமூலத்தையும் அனுப்பிவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. ஐந்து பக்கம்.

படித்தால் உனக்குக் கோபம் வரும். என் தப்பை மட்டும் எழுதவில்லை. மேனுவலைப் பூட்டியது நான், ஆபரேட்டரிடம் சொல்லவில்லை, ஆக்சிஜன் ஏறுவதை ப்ரோக்ராம் தவறாகப் புரிந்துகொள்ளும்படி எழுதியது நான், தொலைபேசியில் தொடாதே என்று சொன்னது நான், முந்தைய அறிக்கையின் மூன்றாம் பக்கம் பொய் என்று எழுதியிருக்கிறேன். முப்பத்தாறு பௌர்ணமியையும் எழுதியிருக்கிறேன். நார்மல் என்று நீ போட்ட கையெழுத்தையும், மெமோவையும். பாதி உண்மையை அனுப்பினால் மிச்சத்தை வேறு யாராவது தோண்டி எடுத்து உன் தலையில் போடுவார்கள். அதற்கு நானே சொல்வது மேல் என்று நினைத்தேன். சரியோ தப்போ.

அந்த ரிப்போர்ட்டில் ஏன் கையெழுத்துப் போட்டேன் என்று நீ இதுவரை கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன். டிசம்பர் பதினாலாம் தேதி அதை எழுதி என் மேஜையில் வைத்திருந்தார்கள். ஆறு நிலையத்துக்கான ஒப்பந்தம் அந்த வாரம். படித்தேன். இந்த வரி பொய் என்று எனக்குத் தெரியும், நாலு நிமிடம் உன்னோடு பேசியவன் நான்தானே. போட்டேன். யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. எழில் கெட்டிக்காரி, எப்படியாவது சமாளித்துக்கொள்வாள் என்று நினைத்துப் போட்டேன். இதை எழுதும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மதியம் என் லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். அதற்காக நீ வருத்தப்பட வேண்டாம், படவும் மாட்டாய்.

விசாரணைக்கு நேரில் வரும் தைரியம் எனக்கு இல்லை. அம்மாவிடம் இன்று இரவு நானே ஃபோனில் சொல்லப் போகிறேன்.

ஷோயப்


அடி அண்ணாமலை
10.2.2026

ஷோயப் அண்ணனுக்கு,

விசாரணை மூன்று மணி நேரம் நடந்தது. உங்கள் ஐந்து பக்கத்தையும் அதிகாரி குமாஸ்தாவைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். ராஜமாணிக்கம் சார் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். முப்பத்தாறு பௌர்ணமி வந்தபோது எனக்கு உங்கள் மேல் பற்றிக்கொண்டு வந்தது. காப்பாற்ற வந்த கையாலேயே இப்படிக் குத்துகிறாரே என்று. அதிகாரி நிமிர்ந்து, "இது உண்மையாம்மா? எழுதலையா நீங்க?" என்று கேட்டார். எழுதவில்லை என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். உங்களுக்கு எழுதியதையே சொன்னேன், பயத்தையும் திமிரையும்.

சஸ்பென்ஷன் ரத்து. கேஸ் என் மேல் இல்லை. நிலையத்தின் மேலும் உங்கள் கம்பெனியின் மேலும் நடக்கும். லாக் புக்கில் பொய் எழுதியதற்கு எனக்கு ஒரு கண்டிப்புக் கடிதம், அது என் ஃபைலில் கடைசி வரைக்கும் இருக்கும். மேனுவல் பூட்டை எடுத்துவிட்டார்கள். போன திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிவிட்டேன். வேறு நிலையத்திலிருந்து இரண்டு லாரி சேறு கொண்டுவந்து தொட்டியில் விதைத்திருக்கிறோம். பூச்சி இன்னும் மெலிவாகத்தான் இருக்கிறது.

எல்லாம் முடிந்துவிட்டது, இனிமேல் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கலாம் என்று நினைத்தேன். உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மாள் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். என் மேல் தப்பில்லை என்று காகிதத்தில் போட்டிருக்கிறதே, அதைக் காட்டத்தான் போனேன். அண்ணா, அவ்வளவு அற்பத்தனமாகப் போனேன்.

அவர் காகிதத்தை வாங்கவில்லை. "இன்னாடி இது?" என்றார். வால்வைத் திறந்தது கம்ப்யூட்டர், பூட்டியது புனேயில் இருப்பவர், மெமோ கொடுத்தது மேனேஜர் என்று வரிசையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வாத்துக் கொட்டகையின் மூங்கிலைப் பிரித்துக்கொண்டிருந்தார். இனிமேல் வாத்து இல்லை, கொட்டகை எதற்கு என்று அடுப்புக்கு எடுக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவன் பூட்டுனான், இவன் மெமோ குட்த்தான், சரி. தண்ணி போவ சொல்ல அங்க நின்னவ யாரு?"

அதற்கு அந்த உத்தரவில் பதில் இல்லை. ஐந்து பக்கத்திலும் இல்லை. நான்தான் நின்றேன் பெரியம்மா என்றேன். முப்பத்தெட்டு நிமிடம் ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பிடுங்கினால் மூடும் என்று தெரிந்தே நின்றேன், வேலை போய்விடும் என்ற பயமும் அதில் இருந்தது என்றேன். உங்களுக்குக் கூட அந்தக் கடைசி வார்த்தையை எழுதவில்லை. உங்கள் வார்த்தையை நம்பினேன் என்று மட்டும் எழுதினேன். அது பாதிதான்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதவைச் சாத்தவும் இல்லை, உட்கார் என்று சொல்லவும் இல்லை. மூங்கிலைக் கட்டி முடித்துத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அது தீரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். அண்ணன் என்று எழுதியதால் மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உங்கள் அம்மா எல்லாம் கேட்டுவிட்டு என் வீட்டுக்கே வந்தார்கள். எங்கள் அம்மாவும் அவர்களும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், நான் டீ போட்டுக் கொடுத்தேன். நீங்கள் வேலை இல்லாமல் அங்கே தனியாக இருப்பதாகச் சொன்னார்கள்.

விசாரணைக்கு வரும் தைரியம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அங்கே நீங்கள் வந்திருந்தாலும் உட்கார நாற்காலி போட்டிருப்பார்கள், குடிக்கத் தண்ணீர் கொடுத்திருப்பார்கள். அது பெரிய விஷயமே இல்லை. ஏரிக்கரைக்கு, பெரியம்மா வீட்டுக்கு வாருங்கள். நான் கூட வர மாட்டேன், உங்களுக்காக ஒரு வார்த்தை பேசவும் மாட்டேன். நான் நின்றுகொண்டே சொன்னேன், நீங்களும் நின்றுகொண்டுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

எழில்